முகப்பூட்டு

ஒரு நிமிடத்தின் விலை பத்தொன்பது லட்சம். ரூபாய் அல்ல, மூளை செல். மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு விழுந்துவிட்டால், மருந்து ஏறுகிறவரை நிமிடத்துக்கு அத்தனை செத்துக்கொண்டே இருக்கும் என்று ஷமீம் சொன்னாள். விருதுநகர் வத்தல் பேட்டையில் முப்பத்தெட்டு வருடமாக மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கும் தனுஷ்கோடி அண்ணாச்சி அதைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மொத்தமா எடுத்தா கொறையுமா தாயி?"

ஷமீம் சிரிக்கவில்லை. முகப்பூட்டு பொருத்துவது அவள் தொழில். அன்றைக்கு அவர் கன்னத்தில் அதைத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

முகப்பூட்டு எதற்கு வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். வடக்கே இருந்து வருகிற கொள்முதல்காரர்கள் ஒரு வருடம் திடீரென்று புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தார்கள். பார்க்கச் சாதாரண மூக்குக் கண்ணாடி. ஆனால் எதிரில் இருக்கிறவனின் புருவம் நெல்லளவு ஏறினாலும் அது படித்துவிடும். குரல் நடுங்கினால் படிக்கும், மணிக்கட்டில் நாடி துடிப்பதைத் தூரத்திலிருந்தே எண்ணும். படித்ததை, இந்த ஆள் எந்த விலைக்கு இறங்குவான் என்று காதில் ஓதிவிடும். வயிற்றுக்குள் இருப்பதை முகத்தில் காட்டாமல் இருப்பதே தொழில் என்று வளர்ந்த பேட்டை, இரண்டு வருடத்தில் உரித்த கோழியாக நின்றது. அப்போதுதான் பூட்டு வந்தது. இரண்டு கன்னத்திலும் தோலுக்கு அடியில் அரிசி மணி அளவில் நாலு நாலு துண்டு, தொண்டையில் ஒன்று, மணிக்கட்டில் ஒரு நூல். போட்டுக்கொண்டால் முகம் எந்நேரமும் சமமாக, லேசான சிரிப்போடு நிற்கும். நாடி வெளியே தெரியாது. பேச்சில் தடுமாறினால் பூட்டே வாக்கியத்தைப் பிடித்து முடித்துவைக்கும். கைபேசியில் பதிந்து கிடந்த பத்து வருடப் பேச்சைக் கேட்டு, அவரவர் சொல்லக்கூடியதை அவரவர் குரலிலேயே சொல்லும். அந்தக் குரல் தொண்டையிலிருந்து வருகிறதா, காறையெலும்புக்கு அடியில் வைத்த பொத்தானிலிருந்து வருகிறதா என்பது கட்டிய பெண்டாட்டிக்கும் தெரியாது.

பூட்டோடு பழைய வழக்கம் ஒன்றும் திரும்பி வந்தது. துண்டுப் பேரம். இரண்டு பேர் கையையும் துண்டு போட்டு மூடி, விரலால் விலை பேசுவது. எந்தக் கண்ணாடியாலும் துண்டுக்கு அடியில் பார்க்க முடியாது. எதிராளியின் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, அதற்கு மேல் என்றால் ஐந்தைப் பிடித்து விட்டு மிச்சத்தைப் பிடிக்க வேண்டும். மூடிய முஷ்டியை உள்ளங்கையில் வைத்தால் சுழி. முதல் பிடி நூறு, அடுத்தது பத்து, அதற்கடுத்தது ஒன்று. கடைசியில் இரண்டு பேரும் கட்டைவிரலால் ஓர் அழுத்து. அழுத்தினால் முடிந்தது, அப்புறம் அப்பன் வந்தாலும் மாற்ற முடியாது.

ஷமீம் அன்று சொன்ன விஷயம் வேறு. பூட்டில் உடல்செய்தி என்று ஒரு வழி உண்டு. அதைத் திறந்து வைத்தால் ரத்தக் கொதிப்பு எகிறும்போதோ, முகத்தில் ஒரு பக்கம் தளரும்போதோ வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தகவல் போகும். பேட்டையில் நாற்பத்தொரு பேர் பூட்டுப் போட்டிருந்தார்கள். நாற்பத்தொரு பேருமே அதை மூடச் சொல்லிவிட்டார்கள்.

"திறந்தே இருக்கட்டும் அண்ணாச்சி. உங்களுக்குக் கொதிப்பு வேற இருக்கு."

"என் கொதிப்ப நீ பாப்ப, என் வீட்ல பாப்பாங்க, சரி. அதே வழியா வாங்க வர்றவன் பாத்தான்னா? இவனுக்கு நெஞ்சு அடிக்குது, விட்டா இறங்கிருவான்னு தெரிஞ்சுரும்ல."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. பக்கவாதம் வந்தா மூணு எடத்துல தெரியும். முகம் ஒரு பக்கம் கோணும், கை ஒண்ணு தொவளும், பேச்சு கொழறும். இந்த மூணுல ரெண்ட நானே இப்ப மறைச்சு வச்சிட்டேன். வாய் கோணினா பூட்டு நேராக்கிரும். கொழறினா திருத்திரும். கையோட பிடிய மட்டும் அதால ஒண்ணும் பண்ண முடியாது." அவள் ஊசியை வைத்துவிட்டுச் சொன்னாள். "வந்தா நாலரை மணி நேரம்தான். இருநூத்தி எழுவது நிமிஷம். அதுக்குள்ள கட்டியக் கரைக்கிற மருந்து ஏறணும். எவ்வளவு சீக்கிரம் ஏறுதோ அவ்வளவு மிச்சம்."

அண்ணாச்சி இருநூற்றி எழுபதை மனதில் போட்டுக்கொண்டார். எண் எதுவானாலும் அவருக்குள் போனால் திரும்பாது. பிறகு, உடல்செய்தியை மூடச் சம்மதம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்.

இது நடந்து ஒரு வருடம். ஒரு நாள் காலையில், காபி டம்ளர் அவர் வலது கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தால் கை வரவில்லை. தோளிலிருந்து யாரோ கழற்றி வைத்த மாதிரி தொங்கியது. பன்னிரண்டு நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல விரல்கள் மடங்கின. மனைவி ஜெயராணி அப்போதே ஆட்டோவைக் கூப்பிட்டாள். அவர் அவளிடம் பேரம் பேசினார். வத்தல் வரத்து முடியட்டும், சனிக்கிழமை போகலாம் என்று முடித்தார். சனிக்கிழமை வந்தது, அடுத்த சனிக்கிழமைக்கு நகர்ந்தது. வந்தது தானாகப் போய்விட்டதென்றால் அது இலவசம் என்பது அவர் கட்சி. கொதிப்பு மாத்திரையையும் எட்டு மாதமாக நிறுத்தியிருந்தார். அளந்து பார்த்தபோது நூற்று முப்பதுக்குள் வந்துவிட்டதாம். சுமை இறங்கிய பிறகும் சுமைகூலி கொடுப்பானேன் என்றார். மாத்திரை போட்டதால்தான் இறங்கியது என்று ஜெயராணி சொன்னதற்குப் பூட்டுச் சிரிப்பைக் காட்டினார். சிகரெட்டைப் பத்திலிருந்து ஆறாக்கியிருந்தார். அதைத் தான் கொடுத்த தள்ளுபடி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார்.

டம்ளர் விழுந்த பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, குருவையா வந்தார். முப்பது வருடப் போட்டி, முப்பது வருடச் சிநேகிதம். எண்ணெய் ஆலைகளுக்கும் மசாலாக் கம்பெனிகளுக்கும் வத்தல் வாங்கிக் கொடுக்கிறவர். இருவரும் மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். நானூறு மூட்டைக்குப் பேச்சு. துண்டு விழுந்தது.

அடக்க விலைக்கு மேலே மூட்டைக்கு ஐந்நூறு கேட்பது என்று அண்ணாச்சி முடிவு செய்திருந்தார். குருவையாவின் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடிக்கப் போனார். அந்த நேரத்தில் மணிக்கட்டுக்குக் கீழே என்னவோ கழன்றது. வலி இல்லை. ஐந்தில் மூன்று விரல் வழுக்கி வெளியே போக, இரண்டுதான் கையில் தங்கியது.

குருவையாவின் பூட்டுப் போட்ட முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கட்டைவிரல், விலை மாறிவிடப் போகிறதே என்ற அவசரத்தில், அண்ணாச்சியின் உள்ளங்கையில் விழுந்து அழுத்தியது. இருநூறுக்கு முடிந்தது. கணக்குப்பிள்ளை பால்வண்ணன் சீட்டில் நேரத்தோடு குறித்தார். பத்து இருபது.

இல்லை, கை விழுந்துவிட்டது, எனக்கு என்னவோ ஆகிறது என்று சொல்ல அண்ணாச்சி வாயைத் திறந்தார். சொல் நாக்குக்கு வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் களிமண்ணாகப் புரண்டது. பூட்டு அதை எடுத்துக் கழுவித் துடைத்து வெளியே வைத்தது.

"சரி அண்ணாச்சி, நல்லபடியா முடிஞ்சுச்சு. ஒரு காபி சாப்பிட்டுப் போவோம்."

தன் குரலைக் கேட்டு அவருக்கே ஒரு கணம் மரியாதை வந்தது. பிறகு பயம் வந்தது.

காபி வந்தது. இடது கையால் வாங்கி வாயில் வைத்தார். பாதி உள்ளே போகாமல் உதட்டின் வலது ஓரத்தில் வழிந்து சட்டையில் விழுந்தது. உள்ளே போனது புரையேறியது. முகம் மட்டும் சமமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. சூடு அதிகம் போல என்று பால்வண்ணன் ஒரு துண்டை நீட்டினார். குருவையா விடைபெற்றுக்கொண்டு லாரி பார்க்கப் போய்விட்டார்.

மறுபடி முயன்றார். ஆஸ்பத்திரி. அந்த ஒரு சொல் போதும். தேடினார். அது இருக்கிற இடம் தெரிகிறது, எடுக்கத்தான் வரவில்லை. தொண்டையில் ஏதோ முனகல் எழுந்தது. பூட்டு அதைக் கேட்டு, இந்த ஆள் உடம்பைப் பற்றி எதையோ சொல்ல வருகிறார் என்று சரியாகவே புரிந்துகொண்டது. பத்து வருடத்தில் உடம்பைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் புரட்டியது. கிடைத்தது ஒரே வாக்கியம்தான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கேன்."

அண்ணாச்சி மறுபடி முனகினார். அது மறுபடி சொன்னது. தான் ஒரு நாளைக்கு எத்தனை வாக்கியம் பேசுகிறோம் என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ண முடிந்தது. பாக்கலாம். அடுத்த வாரம் பேசுவோம். வீட்ல எல்லாரும் சௌக்கியமா. சரக்கு நயம் சரக்கு. எல்லாம் சேர்த்தால் நாற்பது தேறும். அந்த நாற்பதில் ஒன்றுகூட உதவி கேட்கிற வாக்கியம் இல்லை. கேட்காதது அவருக்குப் பெருமையாக இருந்தது, நேற்று வரைக்கும்.

கைபேசி அடித்தது. ஜெயராணி. குரல் கேட்டாலே எடுத்துக்கொள்ளும் கருவி அது, அவர் முனகலுக்கே எடுத்துக்கொண்டது.

"ஏங்க, இன்னைக்காவது மாத்திரை போட்டீங்களா?"

அவர் அவளைக் கூப்பிட நினைத்தார். அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"போட்டேன், போட்டேன். எனக்கு ஒண்ணுமில்ல. இந்தா, வை, ஆள் இருக்கு."

"ஆமா, எப்பவும் ஆள் இருக்கும்," என்றுவிட்டு அவள் வைத்தாள்.

பேனாவை எடுத்தார். இடது கையால் எழுதினார். எழுத்தெல்லாம் கலைந்து கோடும் சுழியுமாக விழுந்தது. பால்வண்ணன் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டாச்சா என்று சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைத்தார். இடது கையை ஆட்டினார். அப்புறம் பார்க்கலாம் என்று வியாபாரிகளை அனுப்பும்போது அவர் அப்படித்தான் ஆட்டுவார். பால்வண்ணன் வாசலில் நின்ற இரண்டு பேரை அனுப்பிவைத்தார். கடைசியாக, விழுந்தாலாவது யாராவது பதறுவார்கள் என்று வலது பக்கமாகச் சாய்ந்தார். திண்டு தாங்கிக்கொண்டது.

"அசதியா இருக்கா அண்ணாச்சி?" என்று பால்வண்ணன் கேட்டார். பதினெட்டு வருட விசுவாசம் அந்தக் குரலில் இருந்தது. பதிலுக்குப் பூட்டு, ஒண்ணுமில்ல என்றது. அவர் இன்னொரு தலையணையைக் கொண்டுவந்து முதுகுக்கு வைத்தார். வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்கத் திரையை இழுத்துவிட்டார். யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே அண்ணாச்சி சிரித்த முகத்தோடு படுத்திருந்தார். எதிர்ச் சுவரில் கடிகாரம். நாற்பத்தொரு முகத்தில் எந்த முகம் பூட்டு, எந்த முகம் சவம் என்று இந்தப் பேட்டையில் யாராலும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தோன்றியது. சொற்கள் எல்லாம் மேலே புகை மாதிரி போய்க்கொண்டிருந்தன. எண்கள் மட்டும் அடுக்கி வைத்த மூட்டை மாதிரி அசையாமல் இருந்தன. முப்பது நிமிடம் போச்சு. நாற்பது. ஒரு நிமிடத்துக்குப் பத்தொன்பது லட்சம். பெருக்க வேண்டாம் என்று நினைத்தார். ஆனால் பெருக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது.

குருவையா அந்த நேரத்தில் குடோனில் மூட்டையைக் கிழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஈரம் இருக்கும், அடியில் கலப்படம் இருக்கும் என்று நாலு மூட்டையைக் குத்தினார். காம்பு ஒடித்தால் சடசடவென்று உடைகிற நயம் வத்தல். ஐந்தாவது மூட்டையையும் குத்தினார், அதுவும் நயம். தனுஷ்கோடி வேறு யாரிடமாவது ஏமாந்தார் என்றால் நம்பலாம். தன்னிடம் ஏமாந்தார் என்றால் எங்கேயோ குழி வெட்டியிருக்கிறார். யோசிக்க யோசிக்க இன்னொன்றும் உறுத்தியது. முப்பது வருடமாகப் பிடித்த கை அது. இடுக்கிப் பிடி. இன்றைக்கு நனைந்த துணி மாதிரி இருந்தது. முடித்த பிறகு அவர் பங்குக்கு ஒரு அழுத்து அழுத்தவும் இல்லை. ஆக, பேரம் முடியவில்லை. நாளைக்கு, நான் அழுத்தவே இல்லையே என்று சொல்லப் போகிறார். அதுதான் குழி என்று கண்டுபிடித்த சந்தோஷத்தில் குருவையா வேகமாகத் திரும்பி வந்தார். அண்ணாச்சி உயிரைக் காப்பாற்ற வந்தது அன்பு இல்லை, சந்தேகம்தான். பேட்டையில் இரண்டும் ஒரே செருப்பைப் போட்டுக்கொண்டுதான் நடக்கும்.

பால்வண்ணன் தடுத்ததையும் மீறித் திரையை விலக்கி உட்கார்ந்தார்.

"என்ன அண்ணாச்சி, கைய முழுசாக் குடுக்காம ஏமாத்துதீங்க. இன்னொரு தரம் பேசுவோம்."

துண்டு விழுந்தது. குருவையா வலது கையைப் பிடித்துப் பார்த்தார். பிடிப்பே இல்லை. என்ன விளையாட்டு இது என்று இடது கையையும் இழுத்துத் துண்டுக்கு அடியில் வைத்தார். அந்தக் கை அவரை இறுக்கிப் பிடித்தது. மூழ்குகிறவன் பிடிப்பது போல.

அண்ணாச்சிக்குச் சொல் இல்லை. முகம் இல்லை. குரல் இல்லை. பூட்டு எட்டிப் பார்க்க முடியாத ஒரே இடம் இந்த ஒரு முழத் துண்டுக்கு அடியில் இருந்தது. அங்கே பேசத் தெரிந்ததெல்லாம் எண். எண்களில் யோசித்தார். யோசித்தவுடன் கிடைத்தது. இத்தனை நேரம் ஏன் தோன்றவில்லை என்று நினைக்கக்கூட நிற்கவில்லை.

ஒரு விரலைப் பிடித்தார். முஷ்டியை மூடி உள்ளங்கையில் வைத்தார். ஐந்தைப் பிடித்து விட்டு, மூன்றைப் பிடித்தார்.

நூற்றி எட்டு.

குருவையாவுக்கு மூளை வேகமாக ஓடியது. முடித்த விலைக்கு மேல் நூற்றி எட்டு கேட்கிறார். அப்படியானால் குழி இதுதான். நூறு என்று பிடித்தார்.

அண்ணாச்சி மறுபடி ஒன்று, சுழி, எட்டு.

சரி, பழைய மனுஷன் என்று குருவையா நூற்றி நாலு கொடுத்தார்.

ஒன்று, சுழி, எட்டு.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றது அண்ணாச்சியின் குரல், யாரும் கேட்காமலே.

நூற்றி ஆறு. நூற்றி ஏழு. குருவையா ஒவ்வொன்றாக ஏறி வந்தார். அந்தப் பக்கம் ஒரு விரல்கூட இறங்கவில்லை. ஒரு விலையைச் சொல்லிவிட்டு அதிலேயே நிற்கிற வியாபாரியை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. தனுஷ்கோடியோ, இரண்டு இட்லி வாங்கினாலும் மூன்றாவது சட்னிக்குப் பேசுகிற ஆள். குருவையா பிடியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சிரித்த முகம். சட்டையில் காபிக் கறை, வலது பக்கம் மட்டும். சாய்ந்து கிடப்பதும் வலது பக்கம். செத்துக் கிடப்பது வலது கை.

ஒன்று, சுழி, எட்டு என்றது இடது கை.

"ஏ பால்வண்ணா," என்றார் குருவையா. குரல் சீராகத்தான் வந்தது, அவர் பூட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. "வெல இல்லப்பா இது. ஆம்புலன்ஸக் கூப்பிடு."

கூப்பிட்டார்கள். பால்வண்ணன் பதறிப்போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். காபிக் கறையைப் பார்த்த குருவையா அதைத் தட்டிவிட்டார்.

மதுரைக்குப் போகிற வழியில் ஜெயராணியும் ஏறிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் அம்மா ஒருத்தி வாசலிலேயே நின்றாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், அது விழுந்தது. முகத்தைப் பார்த்ததும் நெற்றியைச் சுருக்கினாள்.

"பூட்டுப் போட்டிருக்காரா? முதல்ல அதைத் திறங்க. அது ஓடிக்கிட்டிருக்கிற வரைக்கும் ஸ்கேனுக்குள்ள அனுப்ப முடியாது."

திறப்பதற்கு ஒரு ரகசியச் சொல் உண்டு. அதை உரியவர் தன் சொந்தக் குரலில் சொல்ல வேண்டும். டாக்டர் அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, கேட்டது தப்பு என்று புரிந்து வாயை மூடிக்கொண்டாள். குருவையா போனில் ஷமீமைப் பிடித்தார். அவள் வேறு ஊரில், வேறொருவர் கன்னத்தில் ஊசி வைத்துக்கொண்டிருந்தாள். பொருத்துகிறவர்கள் கையில் மட்டும் இருக்கிற மாற்றுச் சாவியை அவள் தேடி எடுக்க இருபத்திரண்டு நிமிடம் ஆனது.

அதற்குள் டாக்டர் அம்மா இன்னொரு கேள்வி கேட்டாள். எப்போது ஆரம்பித்தது? நேரம் உறுதியாகத் தெரிய வேண்டும். தெரியாமல் இந்த மருந்தைக் கொடுத்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடலாம். பால்வண்ணன் விழித்தார், அவரைப் பொறுத்தவரை அண்ணாச்சி பதினொன்றே முக்கால் வரை நல்லாத்தான் இருந்தார், அப்படி அவரே சொன்னாரே. பத்தே முக்காலுக்குப் பேசினேன், நல்லாப் பேசினாங்க என்றாள் ஜெயராணி.

குருவையாவின் சட்டைப் பையில் சீட்டு இருந்தது. நானூறு மூட்டை, இருநூறுக்கு. அந்த நேரத்தைச் சொன்னால் செத்த விரலிடமிருந்து வாங்கிய விலை என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்த லாபம் பேட்டையில் நிற்கிற லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் யோசித்தார். எவ்வளவு நேரம் என்று கேட்டால், யோசிக்கவே இல்லை என்று பிற்பாடு சொல்லிக்கொள்வார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அதனால் மறுக்கவும் ஆளில்லை.

"பத்து இருபது," என்றார். "எங் கையிலதான் விழுந்துச்சு. மூணு வெரல் நழுவுச்சு. நான் அத வெலன்னு எடுத்துக்கிட்டேன்."

சீட்டை எடுத்து டாக்டர் அம்மாவிடம் கொடுத்தார்.

பூட்டு திறந்தது. அண்ணாச்சியின் வலது கன்னம் மெல்லக் கீழே இறங்கியது. கண் இமை தொங்கியது, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. எச்சில் வழிந்தது. இத்தனை நேரமும் முனகலாக இருந்தது முனகலாகவே வெளியே வந்தது. பார்க்கச் சகிக்காத அந்த முகத்தைப் பார்த்து, வழியெல்லாம் அழாமல் வந்த ஜெயராணி அழுதாள்.

"ஒரு வருஷமாச்சு இவங்க முகத்தப் பாத்து," என்றாள்.

பக்கத்தில் குருவையா அளவாகச் சிரித்தபடி நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டைக் காலரில் சொட்டியது. கண்ணீரை நிறுத்தப் பூட்டில் வழி இல்லை. அந்தக் கணமே அவர் ஷமீமுக்குப் போட்ட போனை மறுபடி எடுத்துத் தன் உடல்செய்தியைத் திறந்துவிடச் சொன்னார். பேட்டையில் அதைச் செய்த முதல் ஆள் அவர். மற்ற முப்பத்தொன்பது பேர், பாவம் தனுஷ்கோடி என்றார்கள், மூடியே வைத்திருந்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அண்ணாச்சி வீட்டில் இருந்தார். கால் திரும்பிவிட்டது. வலது கை ஒரு டம்ளரைத் தாங்கும், இரண்டைத் தாங்காது. மாத்திரை ஒரு வேளை தவறாமல் ஏறியது. சிகரெட் சுத்தமாக நின்றது, பேரம் பேச அவரிடம் சொல் இல்லாததும் ஒரு காரணம். கேட்பதெல்லாம் புரியும். சொல்வதற்கு மட்டும் ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். பயிற்சி கொடுக்கிற பெண் தினமும் வந்தாள். வந்த சொற்களை ஜெயராணி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்தாள். தண்ணி. போதும். வலி. வேண்டாம். வத்தல்.

ஷமீம் ஒரு நாள் பார்க்க வந்தாள். தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். முகத்தை விட்டுவிடலாம், பேச்சை மட்டும் திரும்ப ஓடவிட முடியும். பழைய மாதிரியே சரளமாகப் பேசுவார். வெளியாட்களோடு பேச உதவும்.

அண்ணாச்சி ஜெயராணியைப் பார்த்தார். மூன்று வாரமாக ஒரு சொல்லை அவர் இறைத்துக்கொண்டிருந்தார். ராத்திரி பகலாக, உதட்டைக் குவித்தும் பல்லைக் கடித்தும். அது அவள் பெயர். தெரியும், எழுதிக் காட்டினால் விரலை வைத்துக் காட்டுவார். வாயில் வரவில்லை. அவர் ஷமீமிடம் ஜெயராணியைச் சுட்டிக் காட்டி, தன் வாயைச் சுட்டிக் காட்டினார்.

ஷமீமுக்குப் புரிந்தது. "அம்மா பேரா? அதுக்கென்ன அண்ணாச்சி, பத்து வருஷப் பேச்சு உள்ள இருக்கே. அதுலருந்து எடுத்துரலாம்."

மடியில் இருந்த பலகையில் தேடினாள். குருவையா பேர் இரண்டாயிரத்துச் சொச்சம் தடவை இருந்தது. பால்வண்ணன் பேர் அதைவிட அதிகம். வத்தலுக்குக் கணக்கே இல்லை. அவள் இன்னொரு தடவை தேடினாள். எழுத்தை மாற்றிப் போட்டுத் தேடினாள். பிறகு பலகையை மடக்கிவைத்தாள்.

"இல்ல அண்ணாச்சி," என்றாள். "ஒரு தடவ கூட இல்ல. எல்லா எடத்துலயும் 'இந்தா'ன்னுதான் இருக்கு."

ஜெயராணி சிரித்தாள். "அது தெரிஞ்சதுதான தாயி. முப்பத்திரண்டு வருஷமா 'இந்தா'ன்னாலே போயிருவேன். இப்ப எதுக்குப் பேரு?" என்றுவிட்டுக் காபி போட எழுந்து போனாள்.

அண்ணாச்சி பூட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினார். காலண்டரைக் கொண்டுவரச் சைகை காட்டினார். இடது கையில் பேனாவைப் பிடித்து, சொற்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அவருக்கு இன்னும் ஒழுங்காக வருகிற ஒரே மொழியில் எழுதத் தொடங்கினார். ஷமீம் எட்டிப் பார்த்து, எண்களுக்கு எதிரே இன்னது இன்னது என்று அவர் காட்டக் காட்ட எழுதிக் கொடுத்தாள்.

கெடு இருநூற்றி எழுபது நிமிடம். துண்டும் காபியும் தின்றது இருபது. மாத்திரை போட்டேன் என்ற பொய் ஐந்து. திரைக்குப் பின்னால் ஐம்பது. நூற்றி ஏழு வரை குருவையா ஏறிவந்தது பதினொன்று. வண்டியும் ரோடும் ஐம்பத்தேழு. பூட்டுத் திறக்க இருபத்திரண்டு. ஸ்கேனும் ஊசியும் இருபத்தேழு. ஆக நூற்றித் தொண்ணூற்றிரண்டு. எரிந்தது முப்பத்தாறு கோடியே நாற்பத்தெட்டு லட்சம். சனிக்கிழமைக்குத் தள்ளிய பன்னிரண்டு நிமிடத்தை அவர் தனியாக எழுதி வட்டம் போட்டார், அதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று தெரியாமல்.

திரும்ப வந்த சொல், இன்று வரை இருபத்து மூன்று.

பாக்கி, ஒரு பெயர்.